பேட்டரி செத்தால் கார் சாவியை மறந்துவிடுமா?

பேட்டரி இறங்கிப்போன காருக்கு ஜம்ப் கொடுத்ததும் வண்டி எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. சில சமயம் அப்படி நடக்காது. கேபிளை மாட்டிய உடனே ஹாரன் அலறும், நாலு இண்டிகேட்டரும் விட்டு விட்டு எரியும். ரிமோட்டை அமுக்கினால் ஒரு பதிலும் இருக்காது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் அரைகுறையாகச் சுற்றும், டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு கண் சிமிட்டும். யாருக்காவது போன் போட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "சார், பேட்டரி டெட் ஆனதுல சாவி மெமரி போயிடுச்சு. ப்ரோகிராம் பண்ணணும்."

இது எவ்வளவு தூரம் சரி என்று கொஞ்ச காலமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். சுருக்கமான விடை: அநேகமாக எப்போதுமே சரியில்லை. கார் மறக்கிற விஷயங்கள் சில உண்டு. ஆனால் சாவி அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் வண்டி ஏன் எடுக்கவில்லை? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஒன்றல்ல, மூன்று

முதல் குழப்பம் பெயரில். "செக்யூரிட்டி" என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள்.

ஒன்று, சென்டர் லாக் ரிமோட். கதவைப் பூட்டித் திறப்பதோடு இதன் வேலை முடிந்தது. பட்டன் செல் போட்டு, ரேடியோ அலையில் (பல கார்களில் 433.92 மெகாஹெர்ட்ஸ்) இயங்குவது.

இரண்டு, அலாரம். கதவு, பானெட், டிக்கி திறந்தாலோ வண்டி ஆடினாலோ கத்துவது. தொழிற்சாலையிலேயே வந்ததாக இருக்கலாம். நம்ம ஊரில் கீழ்நிலை வேரியன்ட் வாங்கியவர்கள் நிறைய பேர் வெளியே மாட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மூன்று, இம்மொபிலைசர். இது கத்தாது, காட்டிக்கொள்ளாது. சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோலும் ஸ்பார்க்கும் போகாமல் நிறுத்திவிடும். மாருதி கார்களில் ஐகேட்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

இந்த மூன்றில் எது வழியை மறிக்கிறது என்று தெரியாமல் சாவியை ப்ரோகிராம் பண்ணுவது, சர்வர் டவுன் என்றதும் பாஸ்வேர்டை மாற்றுவது மாதிரி.

ஏன் மறக்காது?

இம்மொபிலைசர் வேலை செய்கிற விதம் அழகானது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சின்னதாக ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். இக்னிஷன் ஆன் செய்ததும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலம் உண்டாக்கும். சில்லுக்கு வேண்டிய மின்சாரம் அந்தப் புலத்திலிருந்தே கிடைத்துவிடும். பிறகு கார் ஒரு எண்ணைக் கேள்வியாக அனுப்பும். தன்னிடமுள்ள ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு சாவி பதில் சொல்லும். காரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் எஞ்சினுக்கு அனுமதி. ஆரம்பகாலச் சில்லுகள் சில வெறும் எண்ணை மட்டும் சொல்லும், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் கொண்டுவந்த விதிப்படி 1998 அக்டோபரிலிருந்து அங்கே புதுக் கார்களில் இது கட்டாயமானது. நோக்கம் கார் திருட்டைத் தடுப்பது. பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினால் திறந்துகொள்கிற பூட்டை யாரும் இதற்காகக் கட்டாயமாக்க மாட்டார்கள். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தினரும் சேர்ந்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த 40 பிட் சில்லை உடைத்துக் காட்டினார்கள். அதற்குச் சிறப்புக் கணிப்பொறிச் சில்லுகளை அடுக்கி எல்லாச் சாத்தியங்களையும் தேட வேண்டியிருந்தது. பேட்டரியைக் கழட்டினால் போதும் என்றால் அவர்களுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

ரகசிய எண்கள் இருப்பது ஈஈப்ராம் என்ற நினைவகத்தில். நம் பென்டிரைவ் போலத்தான்: மின்சாரம் இல்லாமலும் வருடக்கணக்கில் தகவல் அப்படியே இருக்கும். ரேம் மாதிரி கரன்ட் போனதும் அழிவதில்லை.

இவ்வளவு தொழில்நுட்பம்கூட வேண்டாம். பேட்டரிக் கடையில் நடப்பதைப் பாருங்கள். பழசைக் கழட்டிப் புதுசை மாட்டிப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார்கள். நடுவில் காருக்கு ஒரு துளி மின்சாரம் கிடையாது. சாவி மறந்துபோகும் என்றால் ஒவ்வொரு பேட்டரிக் கடையிலும் சாவி ப்ரோகிராம் பண்ணுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே!

கார் உண்மையில் மறப்பவை வேறு: கடிகாரம், ரேடியோவில் சேமித்த நிலையங்கள், ஒரே தொடலில் ஏறி இறங்கும் பவர் விண்டோவின் எல்லை, ஐடிலிங்குக்காக இசிஎம் கற்றுவைத்திருந்த சின்னச் சின்னத் திருத்தங்கள். சில ரேடியோக்கள் ரகசியக் குறியீடு கேட்கும். பேட்டரி போட்ட பிறகு வண்டி ஓரிரு நாள் லேசாகத் திணறினால் காரணம் பெரும்பாலும் இந்தத் திருத்தங்கள்தான். ஓட்ட ஓட்டச் சரியாகும்.

பிறகு சாவி விளக்கு ஏன் சிமிட்டுகிறது?

காரணம் வோல்டேஜ். சாவியைத் திருப்பி இக்னிஷன் ஆன் செய்கிறீர்கள். 11 சொச்சம் வோல்ட் இருந்தாலும் கருவிகள் விழித்துக்கொள்ளும். சாவியைப் படிக்கும், அனுமதியும் கிடைக்கும். அடுத்து ஸ்டார்ட். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பலவீனமான பேட்டரியில் வோல்டேஜ் சட்டென்று ஏழுக்கும் ஆறுக்கும் விழும். அந்த நொடியில் இசிஎம்மோ இம்மொபிலைசர் பெட்டியோ ரீபூட் ஆகிவிடும். கொடுத்த அனுமதி காற்றில் போச்சு. மறுபடி எழுந்து சாவியைத் தேடுகிற கணத்தில் பதில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்றால் சாவி விளக்கு சிமிட்டும். நாம் பார்ப்பது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்.

லாக் ஃபைலின் கடைசி வரியில் இருக்கும் பிழைச்செய்திதான் மூலகாரணம் என்று நினைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். காருக்கும் அதேதான்.

இதில் பணமும் நேரமும் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2020 ஊரடங்கின்போது என் மாமாவின் கார் திருச்சியில் ஒன்றரை மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனை நாள் நெருங்கிவிட்டது. ஆட்டோ, டாக்சி எதுவும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் கொடுத்ததில் அலாரம் கத்தி ஓய்ந்தது, சாவி விளக்கு சிமிட்டியது, வண்டி எடுக்கவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: இம்மொபிலைசர் போச்சு, பெட்டியும் சாவியும் மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும், அதுவும் ஊரடங்கு முடிந்த பிறகு.

மாமா வாட்ஸப் வீடியோவில் வந்தார். "மாப்ள, இது கம்ப்யூட்டர் சமாச்சாரமாம்ல, நீ பாரு." தெருவில் இருந்த எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கச் சொன்னேன். "மாமா, செல்ஃப் அடிக்கும்போது மீட்டர்ல என்ன காட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க." சும்மா இருக்கும்போது 11.2. செல்ஃப் அடித்தபோது 6.8. பேட்டரி டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்தாச்சு. பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி திறந்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை முதல் முயற்சியிலேயே எடுத்தது. அதே சாவி, அதே பெட்டி.

அலாரம் ஏன் அலறுகிறது?

இதற்கும் பதில் திருடனிடம் இருக்கிறது. அலாரம் தன் கடைசி நிலையை அழியாத நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும். மின்சாரம் போகும்போது "காவலில்" இருந்திருந்தால், திரும்ப வரும்போதும் "காவலில்" என்றே எழும். எழுந்து பார்த்தால் பானெட் திறந்திருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது! கத்தாமல் என்ன செய்யும்? அது பழுது இல்லை, கடமை.

நிறுத்துவதற்கு வழிகள்: ரிமோட்டில் அன்லாக். அது வேலை செய்யாவிட்டால், தொழிற்சாலை அலாரம் உள்ள பல கார்களில் சாவியைப் போட்டு இக்னிஷன் ஆன் செய்தாலே போதும். சில்லை அடையாளம் கண்டதும் அடங்கிவிடும். சிலவற்றில் ஓட்டுநர் கதவைச் சாவியாலேயே திறக்க வேண்டும். வெளியே மாட்டிய அலாரம் என்றால் டேஷ்போர்டின் கீழே எங்காவது வேலட் ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பட்டனை ஒளித்து வைத்திருப்பார்கள். இக்னிஷன் ஆன் செய்து அதைச் சில நொடிகள் அமுக்கிப் பிடிக்க வேண்டும் (எவ்வளவு நேரம் என்பது அந்தக் கிட்டின் கையேட்டில் இருக்கும்). பேட்டரி சாகும் முன்பே அந்த பட்டன் எங்கே என்று மாட்டியவரிடம் கேட்டு வைப்பது நல்லது. பானெட்டை மூடிய பிறகும் நிற்காமல் கத்தினால் பானெட் ஸ்விட்சில் துருவோ அழுக்கோ இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. வெளியே மாட்டும் கிட்டுகளில் பல, ஸ்டார்ட்டர் ஒயரையே துண்டிக்கும் ரிலே வைத்திருக்கும். அலாரம் காவலில் இருக்கும்வரை செல்ஃப் சத்தமே வராது. டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் "டிக்" என்றுகூடச் சொல்லவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

ரிமோட்டும் எண்ணிக்கையும்

ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே சங்கேதத்தை அனுப்பினால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பித் திறந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் சங்கேதம் மாறும். ரிமோட்டுக்குள் ஒரு எண்ணி இருக்கிறது, அமுக்க அமுக்க ஒன்று கூடும். காரும் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கும். இந்த முறைகளில் பெயர்பெற்றது கீலாக். தென்னாப்பிரிக்காவில் பிறந்தது, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது.

செத்த காரின் முன்னால் நின்று நாம் என்ன செய்வோம்? திறக்குமா திறக்குமா என்று ரிமோட்டை இருபது முப்பது தடவை அமுக்குவோம். ரிமோட்டின் எண்ணி முப்பது படி முன்னால் போய்விட்டது. காருக்குக் காதே கேட்கவில்லை. கீலாக்கின் வழக்கமான ஏற்பாட்டில் 16 படி வரை தள்ளியிருந்தால் கார் உடனே ஏற்கும். அதைத் தாண்டினால், 32,768 படிக்குள் இருக்கும்வரை, அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளும். அதாவது பேட்டரி ஏறிய பிறகு முதல் அமுக்கலுக்குக் கார் மசியாது. ரெண்டாவது அமுக்கலில் திறக்கும். முதலிலேயே "ரிமோட்டும் போச்சு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேறு முறை பயன்படுத்தும் கார்களில் இக்னிஷன் ஆன் செய்து ரிமோட்டை அமுக்கச் சொல்லிக் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

ரிமோட் சுத்தமாகச் செத்திருந்தாலும் வண்டி எடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில்லுக்குத்தான் பட்டன் செல் தேவையில்லையே. பட்டன் ஸ்டார்ட் கார்களிலும் இதே ஏற்பாடு உண்டு. சாவிப்பெட்டியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தால், அல்லது அதற்கென்று இருக்கும் இடத்தில் வைத்தால், செல் இல்லாமலே படித்துக்கொள்ளும்.

பார்க்க வேண்டிய வரிசை

1. மல்டிமீட்டரால் பேட்டரியை அளக்கவும். ஓய்வில் 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் சுமார் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரியையோ டெர்மினலையோ சரி செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. டெர்மினல்களைக் கழட்டிச் சுத்தம் செய்து இறுக்கவும். கழட்டும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ்.

3. ஜம்ப் கொடுப்பதாக இருந்தால் சிவப்பு கேபிள் பாசிட்டிவிலிருந்து பாசிட்டிவுக்கு. கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து செத்த காரின் எஞ்சின் உலோகத்துக்கு. பேட்டரியை ஒட்டி வேண்டாம், அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். மாட்டியதும் சாவியைத் திருப்பாமல் ஐந்து பத்து நிமிஷம் அடுத்த கார் ஓடட்டும். கேபிளை மாற்றி மாட்டிவிட்டால் ஃபியூஸ் மட்டுமல்ல, பெட்டிகளும் போகும். அப்போதுதான் பொய்யாகச் சொன்ன செலவு நிஜமாகும்.

4. அலாரத்தை அடக்கவும். பானெட் தவிர எல்லாக் கதவுகளையும் மூடி, ரிமோட்டில் ஒரு முறை பூட்டித் திறக்கவும்.

5. இக்னிஷன் ஆன் செய்து சாவி விளக்கைப் பார்க்கவும். சில நொடி எரிந்து அணைந்தால் சாவி ஏற்கப்பட்டது. இக்னிஷன் ஆஃப் ஆக இருக்கும்போது விளக்கு மெதுவாகச் சிமிட்டுவது பல கார்களில் சாதாரணம். "காவல் இருக்கு" என்று காட்டுவதற்காக வைத்தது அது. ஆன் நிலையில் சிமிட்டினால்தான் கவலை.

6. சாவிக்கொத்திலிருந்து மற்ற சாவிகளைப் பிரித்துவிட்டு முயலவும். இன்னொரு காரின் சில்லுச் சாவியோ பெரிய உலோக வளையமோ பக்கத்தில் இருந்தால் படிப்பது கெடலாம்.

வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. கார்புரேட்டர் காலத்து வித்தை அது. இப்போது பேட்டரி அடியோடு செத்திருந்தால் பெட்ரோல் பம்பும் இசிஎம்மும் இயங்காது. எவ்வளவு தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம்.

எப்போது உண்மையிலேயே இம்மொபிலைசர்?

பேட்டரி 12.5க்கு மேல், செல்ஃப் உற்சாகமாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து ஓரிரு நொடியில் அணைகிறது, ஆன் நிலையில் சாவி விளக்கும் சிமிட்டுகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் சந்தேகம் நியாயமானது.

அப்போதும் முதல் கேள்வி: கையில் இருப்பது எந்தச் சாவி? ரிமோட் வேலை செய்யாததால் பீரோவில் இருந்த டூப்ளிகேட்டை எடுத்து வருவோம். அது தெருவோரச் சாவிக்கடையில் வெட்டியதாக, உள்ளே சில்லு இல்லாததாக இருக்கலாம். கதவு திறக்கும், செல்ஃப் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. கார் வாங்கும்போது கொடுத்த இரண்டாவது அசல் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் எடுத்தால் முதல் சாவியின் சில்லில் கோளாறு. கீழே விழுந்து உடைந்திருக்கலாம், செல் மாற்றும்போது தொலைந்திருக்கலாம். இரண்டிலும் எடுக்காவிட்டால் ஃபியூஸ், பிறகு சாவித்துளைச் சுருளின் கனெக்டர். தவறான சாவியைப் பலமுறை முயன்றிருந்தால் சில கார்கள் கொஞ்ச நேரம் கதவடைத்துவிடும். இக்னிஷனை ஆன் நிலையில் பத்து நிமிஷம் விட்டுப் பார்க்கலாம்.

ஸ்கேனர் மாட்டினால் குறியீடுகளை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பி0513 என்றால் சாவி பொருந்தவில்லை. பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சரி செய்து, அழித்துவிட்டு, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பழைய குறியீட்டை வைத்துப் புதுப் பெட்டி வாங்கக் கூடாது.

வோல்டேஜ் விழுந்த நேரத்தில் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்து தகவல் சிதைவது சாத்தியமே. அரிது, ஆனால் உண்டு. அதனால்தான் இதைக் கடைசியாக வைக்கிறேன்.

நின்றுகிடக்கும் காரின் கணக்கு

பூட்டி நிற்கும் கார் தூங்குவதில்லை. ரிமோட் வாங்கி, அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் குடிப்பது சாதாரணம். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்று வையுங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் 700 மணி நேரத்தில், அதாவது 29 நாளில், சுத்தமாகக் காலி. ஊரடங்கின் முதல் 21 நாளிலேயே 25 ஆம்பியர் மணி போயிருக்கும். மூன்று வருஷம் ஆன பேட்டரி அதற்கும் முன்பே கைவிட்டுவிடும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓட விடுவது பலன் தராது. செல்ஃப் இழுத்ததை ஈடுகட்டவே சரியாகப் போகும். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வைத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், சாவியைக் கார் மறக்காது. கழட்டும் முன் ரிமோட்டால் அன்லாக் செய்துவிட்டு, பிறகு கதவுகளைச் சாவியால் பூட்டுங்கள். அப்படிச் செய்தால் திரும்ப மாட்டும்போது தெருவே கூடாது. பல கார்களில் டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்பதால் ஸ்பேனரை அதற்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

கார் வாங்கும்போது சாவிக்கொத்தில் எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று கொடுத்திருப்பார்கள். புதுச் சாவி செய்ய அந்த எண் தேவைப்படும். அதைப் பத்திரமாக வீட்டில் வையுங்கள். காருக்குள் வேண்டாம்.